மூளைத்தண்டில் கேவர்னோமா: கத்தி வைப்பதா, காத்திருப்பதா?

கேள்வி: கணவருக்கு 38 வயது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் கேவர்னோமா கசிந்து, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இப்போது தேறிவிட்டார். ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லையாம். பிறகு எதற்கு ஆபரேஷன் பேச்சு டாக்டர்?

ஆஞ்சியோவில் சிக்காததுதான் இதன் குணம், அம்மா. கேவர்னோமா என்பது மெல்லிய ரத்தக்குழாய்கள் சேர்ந்த ஒரு முடிச்சு; அதனுள்ளே ரத்தம் மிக மெதுவாக ஓடுகிறது. எம்.ஆர்.ஐ.யில் சோளப்பொரி போலத் தெரியும்; சுற்றிலும் பழைய ரத்தத்தின் இரும்புக்கறை கருவளையம் கட்டியிருக்கும். 1620 பேரின் விவரங்களைத் திரட்டி 2016இல் வந்த ஆய்வின்படி, மூளைத்தண்டு கேவர்னோமா ஏற்கெனவே கசிந்தோ நரம்புக் குறை காட்டியோ இருந்தால், ஐந்தாண்டில் மீண்டும் கசியும் வாய்ப்பு சுமார் 31 சதவீதம். அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு 8 சதவீதம். முதல் இரண்டு ஆண்டுதான் ஆபத்து அதிகம், பிறகு தணியும். ஒரே முறை கசிந்து, ஆழத்தில் புதைந்திருந்தால் நான் காத்திருக்கவே சொல்வேன்.

கேள்வி: காதுக்குப் பின்னால் சின்னத் துளை போட்டே எடுக்கலாம் என்கிறார்கள். ஆபத்து குறைவுதானே சார்?

தோலில் எத்தனை அங்குலம் என்று பார்க்காதீர்கள். மூளைத்தண்டின் மேற்பரப்பில் எந்த மில்லிமீட்டரில் நுழைகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பன்னிரண்டு மூளை நரம்புகளில் பத்து அங்கிருந்து கிளம்புகின்றன. கை கால்களுக்கான கட்டளையும் அதன் வழியேதான் இறங்குகிறது.

முடிச்சின் நடுவில் ஒரு புள்ளி, அது மேற்பரப்பை நெருங்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்த கோட்டை மண்டை ஓடு வரை நீட்டினால் வழி கிடைக்கும். பக்கவாட்டில் இருந்தால் காதுக்குப் பின்னால் திறப்போம். மூளைத்தண்டுக்குப் பின்னால் மூளைத்தண்ணீர் நிற்கும் நான்காம் அறையைத் தொட்டால் பிடரி நடுவில். முன்புறமாக இருந்தால் சில இடங்களில் மூக்கு வழியே எண்டோஸ்கோப். அதில் மூளைத்தண்ணீர் ஒழுகும் அபாயம் உண்டு. உள்ளே போனதும் பழைய ரத்தத்தை வடித்து, சுருங்கிய முடிச்சைத் துண்டு துண்டாக எடுப்போம். கறை படிந்த சுற்றுத் திசுவைச் சுரண்டவே கூடாது. ஒட்டியிருக்கும் சிரையையும் தொடக்கூடாது. அது நல்ல மூளையின் வடிகால், அடைபட்டால் அந்தப் பகுதியே வீங்கிச் சாகும். ஆபரேஷன் நடக்கும்போதே நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் கண்காணிப்பு இல்லாத தியேட்டரில் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: காமா நைஃப்?

பெயரில்தான் கத்தி, உண்மையில் அது கதிர்வீச்சு; முடிச்சை அது அகற்றாது. இரண்டாண்டுக்குப் பிறகு கசிவு குறைவதாகச் சொல்கிறார்கள். தானாகத் தணியும் காலமும் அதுவே. கத்தி எட்டாத இடத்தில் திரும்பத் திரும்பக் கசிபவர்களுக்கு மட்டுமே அதை யோசிப்பேன்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பின் அப்பாவின் முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கெட்டுவிட்டதா?

முதல் வாரங்களில் இப்படி மோசமாவது சகஜம், தம்பி. பலர் சில மாதங்களில் மீள்கிறார்கள். ஆனால் விழுங்கும் பரிசோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம், மூக்குக்குழாய் போதும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. கண் முழுதாக மூடுகிறதா பாருங்கள். மூடாவிட்டால் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவிடுங்கள். இன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.