விடியோவில் காட்டிவிட்ட இட்லித் தூக்கிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: இட்லிப் பானையிலிருந்து தட்டுகள் அனைத்தையும் ஒரே முறையில் தூக்கி எடுக்க, மரப்பிடி வைத்த ஒரு தூக்கியைச் செய்திருக்கிறேன். நடுத்தண்டைக் கவ்வும் பூட்டு பிடிக்குள் மறைந்திருக்கிறது. தட்டைத் தூக்கும் காட்சியை இரண்டு மாதத்துக்கு முன் யூடியூபில் போட்டேன், இன்னும் விற்கவில்லை. 60,000 ரூபாய் கொடுத்தால் ஆறு மாதத்தில் காப்புரிமை வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் பொருள் நல்ல பொருள். ஆவியில் நனைந்த கரித்துணி கையைச் சுடும்போது தட்டைப் பாதியில் நழுவ விட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் காப்புரிமைச் சட்டம் அருமையைப் பார்ப்பதில்லை; விண்ணப்பித்த நாளுக்கு முன் அது உலகுக்குத் தெரிந்திருந்ததா என்பதையே முதலில் பார்க்கிறது. விடியோவில் கண்ணுக்குத் தெரிந்தவை, அதாவது பிடியின் உருவமும் தூக்கும் முறையும், இனிமேல் புதியவை ஆகா. விடியோவை இன்று நீக்கினாலும் அன்று வெளியிட்டது வெளியிட்டதுதான். பிடிக்குள் இருக்கும் பூட்டை மட்டும் எவரும் பார்க்கவில்லை என்பதால், உங்கள் விண்ணப்பம் அந்தப் பூட்டைச் சுற்றியே அமைய வேண்டும்.

"கண்காட்சியில் வைத்த பொருளுக்கு ஓராண்டு சலுகை உண்டு" என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். உண்டுதான், ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த தொழிற்கண்காட்சிக்கு மட்டுமே அது பொருந்தும், அதிலும் கண்காட்சி தொடங்கிய 12 மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். மகளிர் குழுச் சந்தையும் கல்லூரி அரங்கும் மாவட்டப் பொருட்காட்சியும் அந்த அறிவிப்பு இல்லாதவரை இதில் சேரா. யூடியூப் எந்த வகையிலும் சேராது. இந்தச் சலுகையை நம்பி உரிமையை இழந்த பலரை நான் பார்த்திருப்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

இனி அந்த ஆறு மாத வாக்குறுதிக்கு வருகிறேன். வழக்கமாக ஒரு விண்ணப்பம் 18 மாதம் கழித்தே வெளியிடப்படும். வெளியான பிறகுதான் பரிசோதனை. பெண் விண்ணப்பதாரருக்கு விரைவுப் பரிசோதனை உண்டு என்றாலும், இத்தனை மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்று எந்த முகவராலும் உறுதி கூற முடியாது. ஆறு மாதத்தில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் விண்ணப்ப எண்ணாக இருக்கும், இல்லையென்றால் வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழாக இருக்கும். வடிவமைப்புப் பதிவு வெளித்தோற்றத்தை மட்டுமே காக்கும், பூட்டு வேலை செய்யும் விதத்தைக் காக்காது. அதற்கான அரசுக் கட்டணம் தனிநபருக்கு 1,000 ரூபாய்தான். தோற்றமோ விடியோவில் ஏற்கெனவே வெளியாகிவிட்டதால், அதையும் புதியது என்று சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுக் கொடுத்து "காப்புரிமை வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது பொருளின் அமைப்பை முதற்கட்டமாக விளக்கும் எழுத்துடன், ஒரு விண்ணப்பம். இணையவழியில் தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முகவர் இல்லாமலும் தாக்கல் செய்யலாம். அன்றைய தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். அதை மட்டும் நல்ல முகவரிடம் கொடுத்து எழுதிவாங்குங்கள். தெரிந்த பொருள்களை வெறுமனே சேர்த்து வைத்ததாகச் சொல்லி நிராகரிக்கச் சட்டத்தில் இடம் இருப்பதால், பூட்டும் பிடியும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதை அதில் தெளிவாகக் காட்ட வேண்டும். அந்த எழுத்துக்குக் கூலி கொடுப்பது தகும். முகவரின் பெயர் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் உள்ள பதிவு பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

தன் பூட்டைத் தமிழில் நான்கு வரியில் துல்லியமாக விளக்கிவிடக்கூடிய ஒருவர், இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினால்தான் அந்த அலுவலகம் ஏற்கும் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். இடைத்தரகர்கள் நுழைவதே அந்த இடைவெளியில்தான்.

விண்ணப்ப எண் கிடைக்கும்வரை பிடியைப் பிரித்துக் காட்டி எந்தப் படமும் போடாதீர்கள், ஒன்றைக்கூட விற்காதீர்கள். லேத் பட்டறையில் பூட்டைச் செய்யக் கொடுத்தால், இதை வெளியில் காட்டமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரைபடத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.