பாரஃபின் பிளாக்கில் தெரியும் பிறழ்வு நிஜமா, ஃபார்மலின் செய்த வேலையா?

கேள்வி: புற்றுநோயில் பங்கிருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஒரு மரபணுவை, ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபின் மெழுகு பிளாக்கில் வைத்த கட்டிகளில் சாங்கர் முறையில் (டி.என்.ஏ எழுத்துகளை வரிசையாகப் படிப்பது) பார்க்கிறோம். சிலவற்றில் சி (சைட்டோசின்) இருக்க வேண்டிய இடத்தில் டி (தைமின்) வருகிறது. மீண்டும் பிசிஆர் (டி.என்.ஏ-வைப் பெருக்கும் முறை) செய்தால் காணோம். எதை நம்புவது?

பதில்: மறுபடி வராததை நம்பாதீர்கள். ஃபார்மலினில் கிடந்த டி.என்.ஏ-வில் சைட்டோசின் யுராசிலாக மாறியிருக்கும். பிசிஆர் அதை டி என்றே படிக்கும். நல்ல நிலையிலுள்ள 10 நானோகிராம் டி.என்.ஏ-வில் ஏறத்தாழ 3,000 ஜீனோம் பிரதிகள் உண்டு. பழைய பிளாக்கில் அவற்றில் பெருகக்கூடியவை மிகக் குறைவு. நாலைந்து பிரதிகளில் பிசிஆர் தொடங்கினால், சேதமான ஒன்றே சாங்கர் வரைபடத்தில் அசல் பிறழ்வு போலச் சிகரம் காட்டும். அதே பிசிஆர் விளைபொருளைத் திரும்ப வரிசைப்படுத்திப் பயனில்லை, பிழை அதற்குள்ளேயே இருக்கிறது. டி.என்.ஏ-விலிருந்து தனித்தனியாக இரண்டு பிசிஆர் செய்து, இரண்டிலும் வந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். பெருக்கும் துண்டுகள் 150 பேஸுக்குள் (டி.என்.ஏ எழுத்துகள்) இருக்கட்டும். பிசிஆருக்கு முன்பே, யுராசிலை நீக்கும் நொதியான யுராசில் டி.என்.ஏ கிளைகோசைலேஸ் சேர்த்தால் பெரும்பகுதி பிழை நீங்கும். ஆனால் மெத்தில் ஏறிய சைட்டோசின் நேராகத் தைமினாகிவிடும். அதை இந்த நொதி தொடாது. மெத்தில் பெரும்பாலும் ஏறுவது சி-யை அடுத்து ஜி (குவானின்) வரும் இடங்களில்தான், எனவே அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இருப்பதைத் தவறவிடுவதும் இதே அளவு கவலைக்குரியது. புற்றணுக்கள் 30 சதவீதம் என்றால், ஒரு பிரதியில் மட்டும் உள்ள பிறழ்வு 15 சதவீதமாகத்தான் வரும். சாங்கரில் அது இரைச்சலோடு கலந்துவிடும். நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடில் கட்டிப் பகுதியைக் குறித்து வாங்கி, அதை மட்டும் சுரண்டி எடுங்கள்.

ஒவ்வொரு நோயாளியின் இரத்த டி.என்.ஏ-வும் அவசியம். அதிலும் அதே மாற்றம் இருந்தால் அது பிறவியிலேயே வந்தது, அல்லது போலி மரபணு (அசலை ஒத்த வேறிடத்து நகல்) குறுக்கிடுகிறது. பிடென் மரபணுவின் போலி 9-ஆம் குரோமோசோமில் இன்ட்ரான் (புரதத்துக்குக் குறியீடு தராத இடைப்பகுதி) இல்லாமல் இருக்கிறது, ஆகவே இன்ட்ரானில் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ துண்டு) வைத்துத் தப்பலாம். பிஐகே3சிஏ மரபணுவின் 9-ஆம் எக்ஸானில் (இன்ட்ரான்களுக்கு இடைப்பட்ட பகுதி) இந்த வழி பலிக்காது. இன்ட்ரானோடு சேர்ந்த நகலே 22-ஆம் குரோமோசோமில் உண்டு. அங்கே பிரைமரின் 3' முனை (பிசிஆர் நீளத் தொடங்கும் முனை), அசலும் நகலும் வேறுபடும் பேஸில் அமைய வேண்டும்.

மரபணு முழுதாக நீங்கிய கட்டியிலும், கலந்திருக்கும் இயல்பு அணுக்களால் பிசிஆர் ஒழுங்காகவே வரும். சிடிகேஎன்2ஏ போன்ற மரபணுக்களில் இப்படி நீங்குவது சகஜம். பிரதி எண்ணிக்கையைத் தனியே அளந்த பிறகே 'பிறழ்வு இல்லை' என்று எழுதுங்கள்.