உச்சம் இரண்டு

அன்புள்ள ஐயா,

2011 அக்டோபரில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா வாசித்தபோது சேலத்திலிருந்து சென்று கேட்டவன் நான். இன்றுவரை நான் கேட்டவற்றில் அதுதான் சிறந்த கச்சேரி. ஆனால் 1991க்குப் பிறகு அந்தக் குழுவில் சரக்கு தீர்ந்துவிட்டது, நான் கேட்டது வெறும் எச்சம் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி? மறுபடி வந்தால் போகலாமா?

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்கத்தின் உச்சத்தையும் மேடையின் உச்சத்தையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் சண்டை இது. ரசிகர்களின் கூச்சலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குக் கேட்காத நிலையில், 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவோடு கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொண்ட பீட்டில்ஸ், தங்களது நுட்பமான ஆல்பங்கள் சிலவற்றை அதன் பிறகுதான் செய்தார்கள்.

மெட்டாலிகா இதற்கு நேர்மாறு. அவர்களது ஆக்க உச்சம் 1986 என்பது என் கணிப்பு. அந்த மார்ச்சில் மூன்றாவது ஆல்பம் வந்தது. செப்டம்பரில் சுவீடனில் பேருந்து கவிழ்ந்து பாஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். 1988 ஆல்பத்தில், அவருக்குப் பின் வந்தவரின் பாஸை ஹெட்போன் மாட்டிக்கொண்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் 1991 ஆல்பம் சேர்த்துக் கொடுத்த பெருங்கூட்டம் அவர்களை ஆண்டுக்கணக்கில் மேடையிலேயே நிறுத்திவைத்தது. நீங்கள் பெங்களூரில் கேட்டது அப்படிக் கைகூடிய தேர்ச்சியை. குரலுக்காகச் சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசிப்பதைச் சிலர் தளர்ச்சி என்பார்கள். எனக்கு அது விவேகமாகவே படுகிறது.

மேடையில் ஒரு குழு உச்சம் தாண்டிவிட்டதா என்பதை வேகத்தை வைத்து நான் முடிவு செய்வதில்லை. பாடல் இன்னும் மாறுகிறதா என்றே கவனிப்பேன். ஆல்பத்தில் ஐந்து நிமிடம்கூட இல்லாத 'ஸ்பேஸ் டிரக்கின்' பாடலை, 1972 ஆகஸ்டில் ஜப்பானில் பதிவான கச்சேரித் தொகுப்பில், டீப் பர்பிள் என்ற ஆங்கில ராக் குழுவினர் ஏறக்குறைய இருபது நிமிடம் வாசிக்கிறார்கள். அந்த ஆல்பமும் அதே ஆண்டு வந்ததுதான். இரண்டு உச்சங்களும் இப்படி ஒரே ஆண்டில் கூடுவது அபூர்வம். மறு ஆண்டே பாடகர் இயன் கில்லனும் பாஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் விலகினார்கள்.

நம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா போன்ற இடங்களில் பாடும் மெல்லிசைக் குழுவிடம் யாரும் புதுப்பாட்டு கேட்பதில்லை, பழையதை அச்சு மாறாமல் பாடினால் போதும். தன் பாடல்களையே அப்படிப் பாடத் தொடங்கும் ராக் குழு, தனக்குத் தானே மெல்லிசைக் குழுவாகிவிடுகிறது. மெட்டாலிகா இன்னும் முழுதாக அந்த இடத்துக்கு வரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே, வந்தால் போங்கள். 2023 ஆல்பத்தின் பாடல்களைத் தொடங்கும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் நண்பர்களுக்கான பதில் அங்கேதான் கிடைக்கும்.

அன்புடன்,
ஏற்காடு