கல்லீரல் மாத்திரை இருந்தால் ஊசி போடலாமா?

கேள்வி: வயது 26. பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டால் உடம்பு ஏறும், கூடவே கல்லீரல் மாத்திரை எடுத்தால் பயமில்லை என்கிறார் ஜிம் மாஸ்டர். அடுத்த வருடம் திருமணம். முன்னதாக என்னென்ன பரிசோதனை தேவை?

பதில்: போடாதீர்கள். கல்லீரல் மாத்திரை என்பது கவனத்தைத் திருப்பும் பேச்சு. கல்லீரலை அதிகம் படுத்துவது வாயில் போடும் ஸ்டீராய்டு மாத்திரைதான். இந்த ஊசி முதலில் கைவைப்பது விதைப்பையில். ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் மூளையடிச் சுரப்பி, விதைகளை வேலை வாங்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு பூஜ்யம் வரைகூடப் போகும். ஊசியை நிறுத்திய பிறகு திரும்பி வரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். கல்யாணத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனை செய்தே தீருவேன் என்றால்: விந்துப் பரிசோதனை, காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு, ரத்த அழுத்தம், எக்கோ (இதய ஸ்கேன்). 'முழு உடல் பரிசோதனை' என்று விற்கும் பேக்கேஜில் எல்.எச்.சும் விந்தும் பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும். ரத்தம் கொடுக்கும் முன் ஒரு வாரம் பளு தூக்காதீர்கள். தசை அடிபட்டாலே கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ஏறி, கல்லீரல் கெட்டதுபோல் காட்டும். ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் அது இன்றைய நிலவரம், ஊசிக்கு அனுமதிச்சீட்டு அல்ல.

அடுத்து, ஜிம்மில் கிடைக்கும் அந்த ஊசி மருந்துக் குப்பி. லேபிளில் 250 மில்லிகிராம் என்று இருக்கும். உள்ளே எவ்வளவு, என்ன மருந்து என்று விற்பவருக்கே தெரியாது. ஹாலோகிராமும் அச்சடிக்கிற பொருள்தானே! எண்ணெய் தெளிவாகத் தெரிவதால் கிருமி இல்லை என்றாகாது. சில கிருமிகள் வாரக்கணக்கில் பதுங்கி, பிறகுதான் சீழ்க்கட்டியாகக் கிளம்பும். ஒரே குப்பியில் மூன்று பேர் எடுக்கும்போது, ஒருவர் பயன்படுத்திய ஊசி ஒருமுறை உள்ளே போனால் போதும், மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் மற்றவருக்குப் போகலாம். கூடவே இன்சுலினும் போடச் சொன்னால் அந்த ஜிம்முக்கே போகாதீர்கள். அளவு பிசகினால் சர்க்கரை இறங்கி, தூக்கத்திலேயே உயிர் போகலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: உண்மையிலேயே ஹார்மோன் குறைந்தவர்கள். அறிகுறியும் இருந்து, இரண்டு வெவ்வேறு நாள் காலையிலும் அளவு குறைவாக வந்தால்தான் அது குறைபாடு. வெறும் களைப்பு குறைபாடாகாது. ஏற்கெனவே ஊசி போட்டு நிறுத்தியவருக்கும் அளவு குறைவாகத்தான் வரும்; அதைக் காட்டி மறுபடி ஊசி கேட்பது வேறு கதை. குறைபாடு உறுதியானவருக்கும் குழந்தை வேண்டுமென்றால் டெஸ்டோஸ்டிரோன் கொடுப்பதில்லை, விந்தணுவைத் தூண்டும் வேறு ஊசி உண்டு. ஹீமடோக்ரிட் 54 சதவீதம் தாண்டினால் சிகிச்சையையே நிறுத்திவைப்பார்கள். உங்கள் மாஸ்டர் அதைப் பார்ப்பாரா?

இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்கப் போனால் திட்டித்தான் அனுப்புகிறார்கள். அதனால்தான் பையன்கள் மாஸ்டரிடம் போகிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை. ஏற்கெனவே ஒரு ஊசியாவது போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். போட்ட இடம் வீங்கிக் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் மீதிக் குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.