கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

கேள்வி: தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடி அறையில் 2016 முதல் வாடகைக்குக் குடியிருக்கிறோம். 2019 சட்டமன்றத் தேர்தலில் இங்குதான் வாக்களித்தேன். 2024 நவம்பர் 20 அன்று அட்டையோடு போனபோது என் பெயரும் மனைவியின் பெயரும் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கதவு பூட்டியிருந்ததால் 'குடிபெயர்ந்தவர்கள்' என்று நீக்கியிருப்பார்கள் என்கிறார்கள். மீண்டும் சேர்க்க வீட்டுக்காரர் கடிதம் தர மறுக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பூர்விக வீட்டு முகவரியில் பதிவு செய்துவிடலாம் என்கிறான் தம்பி. மகளுக்குப் பிப்ரவரியில் 18 வயது நிறைந்தது. என்ன செய்வது?

பதில்: பெயர் உண்மையிலேயே நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மும்பைப் பட்டியலில் நம்மவர்களின் முன்னெழுத்து தகப்பனார் பெயராக விரிந்து, அதுவே குடும்பப் பெயராகி, மராத்தி எழுத்தில் வேறொரு உருவம் எடுத்துவிடுவதுண்டு. ஆகவே தேர்தல் ஆணைய இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடாமல், அட்டையிலுள்ள எண்ணைக் கொண்டு தேடுங்கள். 1950 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். பெயர் பக்கத்து வாக்குச்சாவடிக்கு மாறியிருந்தால் சிக்கல் அதோடு தீர்ந்தது. எங்குமே இல்லையென்றால் அட்டையால் பயனில்லை. பட்டியலில் பெயர் உள்ளவருக்கே வாக்குரிமை என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62 கூறுகிறது.

நீக்கம் முறையாக நடந்ததா என்பது அடுத்த கேள்வி. ஒருவர் தொகுதியில் வசிப்பதை விட்டுவிட்டார் என்ற காரணத்தால் பெயரை நீக்குவதற்கு முன், அவர் தரப்பைக் கேட்க நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 22 வாக்காளர் பதிவு அலுவலருக்கு விதித்திருக்கும் கட்டாயம். டெல்லியிலும் இதே மும்பையிலும் குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி வாக்காளர்களுக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸ்களை எதிர்த்து எழுந்த லால் பாபு ஹுசைன் வழக்கில், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை நீக்க நினைக்கும் அலுவலர் தம் சந்தேகத்துக்கான அடிப்படையை அவருக்குத் தெரிவித்து, அவர் தரும் சான்றுகளைத் திறந்த மனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எழுதிய ஒரு குறிப்பு இந்தத் தேவையை நிறைவேற்றாது. நீக்கிய தேதி, உத்தரவு, நோட்டீஸ் உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்று ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 24இன்படி மாவட்ட ஆட்சியரிடமும் பிறகு தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம் என்றாலும், முதல் மேல்முறையீட்டுக்கு 15 நாட்களே அவகாசம் என்பதால் இப்போது தாமதத்துக்கு மன்னிப்புக் கோர வேண்டியிருக்கும். உரிமையியல் நீதிமன்றம் இதில் தலையிடுவதைப் பிரிவு 30 தடுக்கிறது. நீங்களும் மனைவியும் படிவம் 6இல் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி. அதில் 'முதன்முறையாக விண்ணப்பிக்கிறேன்' என்ற உறுதிமொழி இருக்கிறது. பலர் படிக்காமல் கையெழுத்திடும் இடம் அது. பழைய அட்டை எண்ணையும் பெயர் நீக்கப்பட்ட விவரத்தையும் தனிக் கடிதமாக எழுதி இணைத்துவிடுங்கள்; பின்னாளில் பொய் உறுதிமொழி என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

வீட்டுக்காரரின் கடிதம் தேவையே இல்லை. தாராவியில் அவர் ஏன் தயங்குகிறார் என்பதை ஊகிக்கலாம். குடிசை மறுசீரமைப்பில் பழைய வாக்காளர் பட்டியல் நகலைக் குடியிருப்புக்கு ஆதாரமாகக் காட்டுவது இந்நகரத்து வழக்கம் என்பதால், வாடகைதாரர் பெயர் ஏறினால் அறை கைநழுவிவிடும் என்று பல உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் அறையின் மீது உங்களுக்கு உரிமை எதுவும் பிறப்பதில்லை. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்; கேட்காவிட்டாலும் உங்கள் விண்ணப்பம் நிற்காது. உங்கள் வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததாக இருக்கலாம், படிவமோ பதிவு செய்த ஒப்பந்தத்தையே கேட்கிறது. எனவே இந்த முகவரியுள்ள ஆதார், வங்கிப் பாஸ்புக், சமையல் எரிவாயு ரசீது ஆகியவற்றில் ஒன்றை இணையுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் நேரடி விசாரணையைக் கோருங்கள். நடைபாதையில் உறங்குபவர் எந்தத் தாளும் காட்ட வேண்டியதில்லை, அலுவலரே இரவில் ஒரு முறைக்கு மேல் சென்று அவர் அங்கு உறங்குவதைப் பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. அப்படியிருக்க, ஆண்டுக்கணக்காக வாடகை கொடுத்து வாழும் குடும்பத்தைத் தாள் இல்லை என்று மறுப்பது பொருந்தாது.

தம்பியின் யோசனையைக் கைவிடுங்கள். வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அத்தொகுதியில் சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று பிரிவு 20 வெளிப்படையாகவே சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போவதால் வசிப்பிடம் மாறிவிடாது என்பதும் அதே பிரிவுதான். விடுமுறைக்கு ஊருக்குப் போனதால் நீங்கள் தாராவியை விட்டுவிட்டதாகாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31இன் கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இரு தொகுதிகளில் பெயர் இருப்பதையும் பிரிவு 17 தடை செய்கிறது. ஊரில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருந்தால், அதை மறைக்காமல், படிவம் 6க்குப் பதிலாகப் படிவம் 8 மூலம் தாராவிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மகள் விஷயம் எளிது. முன்பு ஜனவரி 1 ஒன்றே 18 வயது நிறைந்ததா என்று பார்க்கும் தகுதி நாளாக இருந்ததால் பிப்ரவரியில் பிறந்தவர்கள் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார்கள். 2022 ஆகஸ்ட் முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாட்களும் சேர்ந்துவிட்டன. அவர் ஏப்ரல் 1இலேயே தகுதி பெறுகிறார். மூன்று விண்ணப்பங்களையும் சேர்த்தே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். யாரேனும் ஆட்சேபணை தெரிவிப்பதற்கான அவகாசமாக ஏழு நாள் போகும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது என்பதால், தேர்தல் பேச்சு தொடங்குமுன்பே இவற்றைக் கொடுத்துவிடுங்கள்.