விலங்குக் கதைகளில் ஏன் இத்தனை சாவு? பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

விலங்குகளின் பார்வையில் நகரும் நாவல்களையும் அவற்றின் கார்ட்டூன் படங்களையும் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் காட்டலாம். எந்த வயதில் என்பதில்தான் தகராறு.

ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட் ஆடம்ஸ் கார் பயணத்தில் தன் மகள்களுக்குச் சொன்ன முயல் கதைதான் 1972-இல் ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலாக வந்தது. 1978-இல் வந்த படத்துக்கு இங்கிலாந்தில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘யூ’ சான்றிதழ் கொடுத்தார்கள். கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள் ரத்தத்தைப் பார்த்து ஆடிப்போனார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் தணிக்கைக்காரர்கள் அதை ‘பிஜி’, அதாவது பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டிய படம், ஆக்கினார்கள்.

என்னை உலுக்கியது அந்த ரத்தம் இல்லை. கதை நடுவில் கௌஸ்லிப் என்ற முயலின் வளை ஒன்று வரும். பக்கத்துப் பண்ணைக்காரன் கேரட் போடுகிறான், நரி அண்டாமல் பார்த்துக்கொள்கிறான், முயல்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. சுற்றிலும் அவனே கண்ணியும் வைத்திருக்கிறான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா யார் வயலில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். கொடை என்கிற கோயில் திருவிழாவுக்கு வெட்டப்போகிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கிடாவுக்கு மட்டும் தெரியாது. அந்த முயல்களுக்கோ தெரியும்! தெரிந்தேதான் கேரட்டைத் தின்கின்றன. காணாமல் போனவன் எங்கே என்று அங்கே யாரும் கேட்கக் கூடாது. ஆயிரம் எதிரிகளை ஏமாற்றித் தப்பித்த முயல் ராஜாவின் பழங்கதைகளும் அவற்றுக்குச் சலித்துவிட்டன. ஓடுவதையே விட்டவனுக்குத் தப்பிக்கிற கதை எதற்கு?

பயந்து ஓடுகிற முயல்கள்தான் இன்னும் அந்தக் கதைகளைச் சொல்லிக்கொள்கின்றன. சாவை எடுத்துவிட்டால் அவை எதிலிருந்து தப்பிக்கும்? கொடையில் கிடா வெட்டுவதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கறிச்சோறு தின்கிற நம் பிள்ளைகள் கார்ட்டூன் ரத்தத்தில் கெட்டுப்போவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆனால் ஆடம்ஸின் இன்னொரு நாவலான ‘தி பிளேக் டாக்ஸ்’ சங்கதியே வேறு. பரிசோதனைக் கூடத்திலிருந்து தப்பிய இரண்டு நாய்கள். நாவலில் கடைசியில் பிழைத்துக்கொள்ளும். 1982-இல் வந்த படத்தில் கடலுக்குள் நீந்திப் போய்க்கொண்டே இருக்கும், கரை சேர்ந்தனவா என்று சொல்லவே மாட்டார்கள். எனக்குப் படத்தின் முடிவுதான் சரியாகப் படுகிறது, நாவலில் ஆசிரியர் இரக்கப்பட்டுக் காப்பாற்றிவிட்டார் போல. அதற்காகப் பத்து வயதுப் பிள்ளைக்கு அதைப் போட்டுவிடாதீர்கள். முயல் படத்தை அந்த வயதில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். நாய்ப் படம் காலேஜ் போகும்வரை காத்திருக்கட்டும்.