கடலா தரையா என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் கையில் ஒரு தொழில்

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியிலிருந்து தொழில் வழிகாட்டல் கேட்டு வந்த அம்மா ஒருவர் போன கிழமை என் முன்னால் இருந்து சொன்ன முதல் வசனம் இது: "அவர் முப்பது வருஷம் கடலுக்குப் போனது போதும் சேர், இவனையும் அனுப்ப ஏலாது." அவர் என்றது மீன்பிடிக்கப் போகிற கணவரை, இவன் என்றது மகனை. மகன் தரம் 11. தவணைப் பரீட்சையில் கணிதப் புள்ளி முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் ஊரில் யாருடைய போட் எஞ்சின் நின்றாலும் முதலில் கூப்பிடுவது இவனைத்தானாம். அம்மாவுக்கு, ஏ.எல் வணிகத்தில் படிப்பித்து ஒரு கந்தோரில் இருத்திவிட வேண்டும். மகனுக்குக் கப்பல். அன்று நேரம் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

அம்மா, உங்கள் பயத்தில் பிழையில்லை. ஆனால் உங்கள் மனதில் இருக்கிற கடல் வேறு, தம்பி நினைக்கிற கடல் வேறு. உங்கள் வீட்டுக்காரர் போனது பைபர் போட்டில். காற்று மாறினால் அன்றைய உழைப்பு இல்லை. கப்பல் என்பது மிதக்கிற ஆலை. ஜெனரேற்றர், பம்பி, கம்பிரசர், குளிரூட்டி, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற இயந்திரம் எல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கும். அவற்றை ஓட விட்டுக் கவனிப்பதும், பழுதானால் கழற்றிப் பூட்டுவதும்தான் எஞ்சின் அறை வேலை. சீனக்குடாவில் கோதுமை அரைக்கிற ஆலையிலும், சீமெந்து ஆலையிலும், புல்மோட்டையில் கனிய மணல் பிரிக்கிற இடத்திலும் சுற்றுவது இதே சாதி மோட்டாரும் பேரிங்கும் பம்பியும்தான். ஓரிடத்தில் தரை ஆடும், மற்ற இடத்தில் ஆடாது. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளையிடம் "கடலா, தரையா" என்று இன்றைக்கே பதில் கேட்காதீர்கள். வெல்டிங், பிற்றர் வேலை, மின், குளிரூட்டி, இதில் ஒன்று கையில் படியட்டும். பிறகு இரண்டு பக்கமும் போகலாம்.

கணிதம் ஓடாத பிள்ளைக்குத்தான் தொழிற்கல்வி என்று அன்று சொன்னீர்கள். அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் 25 மில்லிமீற்றர் விட்டத்துக்கு ஒரு சாப்ட், அதாவது சுழல்தண்டு, கடைய வேண்டும். பையன் வேணியர் இடுக்கிமானியை வைத்துப் பார்த்தான், 25.3. இன்னும் 0.3 தானே என்று வெட்டும் ஆழத்தை 0.3 கொடுத்து ஓட்டினான். திரும்ப அளந்தால் 24.7! வெட்டு ஒரு பக்கத்தில் 0.3 இறங்கினால், சாப்ட் சுற்றுவதால் விட்டத்தில் அதன் இரண்டு மடங்கு போய்விடும். பேரிங்கை ஏற்றிப் பார்த்தான், லொடலொடவென்று ஆடியது. காலையிலிருந்து கடைந்த இரும்பு, பழைய இரும்புக் குவியலுக்குப் போனது. "ஆரை, விட்டம் எல்லாம் பாடமாக்கினதுதான் சேர், இன்றைக்குத்தான் விளங்கினது" என்றான். அந்தப் பையனுக்கும் கணிதத்தில் முப்பதுக்குள்தான். தம்பிக்கும் கணிதம் வேண்டும், விடவே கூடாது. வேறு வாசலால் வரலாம், அவ்வளவுதான்.

இனி வழிகள். பாடசாலையிலேயே இருந்து படிக்கலாம்: 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ் 2017இல் தொடங்கிய தொழிற்பாடத் துறை இருக்கிறது. ஓ.எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் தரம் 12இல் சேரலாம். எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை. எங்கே, என்னென்ன பாடம் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஓ.எல்லில் கணிதமும் விஞ்ஞானமும் கை கொடுத்தால் ஏ.எல் தொழில்நுட்பத் துறை, 2013 முதல் நடக்கிறது, கம்பஸ் வழியும் திறந்திருக்கும். இரண்டும் சரிவராவிட்டால் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்கிற தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை. மீன்பிடி, படகு இயந்திரம் பக்கம் போக சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நிலையம் நம் மாவட்டத்திலேயே உண்டு.

எதில் சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முடிவில் கிடைப்பது என்.வி.கியூ, அதாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழா, எத்தனையாம் மட்டம்? மொத்தம் ஏழு மட்டம். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு என்றால் பட்டத்துக்குச் சமன். நான்கோடு வேலைக்குப் போய்விட்டுப் பிறகு ஐந்துக்குத் திரும்பலாம். ரத்மலானையில் யுனிவொடெக் என்கிற தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருப்பதே இப்படி ஏறி வருகிறவர்களுக்காகத்தான். பளபளக்கிற அட்டையில் தங்க எழுத்துப் போட்ட சான்றிதழ்கள் ஊரில் நிறைய உலாவுகின்றன. அட்டையைப் பார்க்காதீர்கள், மட்டத்தைப் பாருங்கள்.

கப்பல்தான் என்று தம்பி பிறகும் நின்றால், ஒரு சதம் கட்டுவதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். நான் அறிந்த ஒரு குடும்பம் தாயின் நகையை அடகு வைத்துக் கப்பல் படிப்புக்குக் காசு கட்டியது. கட்டும்போது கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படிப்பு முடிந்து வைத்தியச் சோதனைக்குப் போனபோதுதான் பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று தெரிந்தது. கப்பலின் இடப் பக்கம் சிவப்பு விளக்கு, வலப் பக்கம் பச்சை. இருட்டில் எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும், மேல்தளக் காவல் வேலைக்கு இதில் சலுகை கிடையாது. எஞ்சின் பகுதிக்கு விதி சற்று இளக்கம், ஆனாலும் நிறப்பார்வைச் சோதனை உண்டு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற இஷிஹாரா அட்டைகளைக் கண் டொக்டர் காட்டுவார். ஐந்து நிமிஷ வேலை.

அடுத்தது காசு. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ என்கிற 1978ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைப்படி உயிர் காத்தல், தீயணைப்பு, முதலுதவி, தன் பாதுகாப்பு என்று அடிப்படைப் பயிற்சி எடுக்காமல் யாரும் கப்பலில் வேலை செய்ய முடியாது. அதற்குப் பயிற்சிக் கட்டணம் கேட்பது முறைதான். ஆனால் "கப்பலில் இடம் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று ஏஜென்ற் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. வைத்தியச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு இந்த மூன்றின் செலவுதான் வேலைக்குப் போகிறவருடையது. பதினாறு வயதுக்குக் குறைந்தவரைக் கப்பலில் எடுக்கவும் அது விடாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ரியூசன் காசில் ஒரு பங்கை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கப்பலில் பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்கிறார்கள், அங்கே பொது மொழி அதுதான். பட்டறையில் பழகக் கொஞ்சம் சிங்களமும் வேண்டும். செருப்போடு பட்டறைக்கு அனுப்ப வேண்டாம், பாதுகாப்புச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். அப்புறம், உறவுக்காரர் வந்திருக்கும்போது "இவன் படிக்கேல்ல, வெல்டிங் பழகுறான்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை மறப்பதில்லை. (உங்கள் மூத்த மகளுக்கு மின்வேலையில் விருப்பம் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். அதைப் பற்றியும் கதைக்க வேண்டும்.)

வருகிற சனிக்கிழமை தம்பியோடு வாருங்கள். கடல் அடித்து, தொழிலுக்குப் போக முடியாத நாளாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரரும் வரட்டும், அவர் சொன்னால் தம்பி கேட்பான். கடைசி இரண்டு தவணைப் புள்ளி அறிக்கையும் கண் டொக்டரின் துண்டும் வேண்டும். தம்பி கடைசியாகக் கழற்றிப் பூட்டிய எஞ்சினை போனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள்.